டீச்சர், ஒரு சந்தேகம்

இந்த தடவ வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஓட்டு மெஷின் பத்திதான், மிச்சம் செல்போனும் சினிமாவும். ஒரே மாதிரி கேட்டதயெல்லாம் ஒண்ணா சேத்துட்டேன், உங்க பேர் வரலன்னு யாரும் கோச்சுக்காதீங்கப்பா.

எங்க ஃபேமிலி குரூப்ல ஒரு வீடியோ சுத்துது டீச்சர். ஓட்டு மெஷின ப்ளூடூத் வச்சு வெளியிலேருந்தே மாத்திடலாமாம். நீங்க எத்தனையோ எலெக்ஷன் டூட்டி பாத்தவங்க, உண்மைய சொல்லுங்க, நம்பலாமா?
(மஞ்சக்குப்பத்துலேருந்து ஒரு வாசகர்)

நான் கண்ணால பாத்தத சொல்றேன் சார், நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். நான் வேலைக்கு சேந்த புதுசுல பேப்பர் ஓட்டுதான், சீட்டு, ரப்பர் ஸ்டாம்ப்பு, இரும்புப்பெட்டி. ரெண்டு சின்னத்துக்கும் நடுவுல குத்திட்டு போயிடுவாங்க, எண்ணும்போது அது செல்லுமா செல்லாதான்னு மேஜைக்கு மேஜை சண்டை நடக்கும், ரிசல்ட்டு தெரிய ராத்திரி பூரா ரேடியோவ கட்டிக்கிட்டு உக்காந்திருப்போம். 2001 சட்டமன்ற தேர்தல்லதான் தமிழ்நாடு பூராவுக்கும், பாண்டிக்கும் சேத்து, எல்லா பூத்துக்கும் மெஷின் வந்துச்சு. அதுக்கு ரொம்ப முன்னாடி 1982லயே கேரளாவுல பரவூர் தொகுதில 50 பூத்துல வச்சு பாத்துருக்காங்க, ஆனா சட்டத்துல மெஷினுக்கு இடமே இல்லன்னு 1984ல சுப்ரீம் கோர்ட்டு அத செல்லாதுன்னுடுச்சு, அந்த 50 பூத்துலயும் மறுபடி பேப்பர்ல நடத்துனப்ப ஜெயிச்ச ஆளே மாறிட்டார். அப்புறம் 1989ல சட்டத்த திருத்துனாங்க. இந்த மெஷின பெங்களூர் பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) கம்பெனில உருவாக்குனப்ப அதுல முக்கியமான பங்கு இன்ஜினியர் ரங்கராஜனுக்கு உண்டு, அவர்தான் நம்ம எழுத்தாளர் சுஜாதாங்கறது உங்கள்ல பல பேருக்கு தெரிஞ்சிருக்கும்.

இப்ப ப்ளூடூத்துக்கு வரேன். அந்த மெஷின்ல ப்ளூடூத்தும் கிடையாது வைஃபையும் கிடையாது, கரண்ட் கனெக்‌ஷனே வேணாம், 7.5 வோல்ட்டு பேட்டரிலதான் ஓடுது. அதனாலதான் மழைக்காலத்துல ஊரே இருண்டு கிடந்தாலும் பூத்து மட்டும் நடக்கும். ஆனா இத மட்டும் சொல்லி நம்புங்கன்னா நானே ஒத்துக்க மாட்டேன், ஏன்னா ஒரு பொட்டிக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது. நான் நம்பறது பொட்டிய இல்ல, காலைல ஓட்டுப்பதிவுக்கு ஒன்றர மணி நேரம் முன்னாடி நடக்குற ‘மாக் போல்’ங்கற ஒத்திகை ஓட்டத்தான். அப்ப பூத்து ஏஜென்ட்டுங்க எல்லாரும் உக்காந்திருக்க, கம்மி பட்சம் 50 ஓட்டு சும்மா போட்டு காட்டணும், நோட்டாவுக்கும் சேத்து, யாருக்கு எத்தன அமுக்குனோம்னு எழுதி வச்சு, மெஷின க்ளோஸ் பண்ணி, ரிசல்ட்டு எடுத்து, விவிபேட்டுங்கற பக்கத்து பொட்டில விழுந்த சீட்டயும் எண்ணி சரியா இருக்கான்னு பாத்து, அப்புறம் க்ளியர் பண்ணணும். இந்த க்ளியர மறந்தோம்னு வைங்க, சாயந்தரம் கணக்கு இடிக்கும், அந்த பயத்துல நான் ரெண்டு தடவ மூணு தடவ பாத்துட்டுதான் சீல் வைப்பேன்.

சாயந்தரம் கடைசி ஓட்டு முடிஞ்சதும் மொத்தம் எத்தனன்னு 17சின்னு ஒரு ஃபார்ம்ல எழுதி, கையெழுத்து போட்டு, அங்க இருக்குற ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் ஒரு காப்பி குடுக்கணும். எண்ணிக்கை அன்னிக்கு அந்த மெஷின்ல அதே எண்ணிக்கைதான் வரணும், வரலன்னா அங்கயே கேக்கலாம். என் வருத்தம் என்னன்னா, மாக் போல் நேரத்துக்கு ஏஜென்ட்டே வந்து சேர மாட்டாங்க, கால் மணி நேரம் பாத்துட்டு நாங்களே ஆரம்பிக்கணும்ங்கறது ரூல்ஸ், ஆரம்பிச்சு முடிச்சு சீல் வச்சப்புறம் டீ குடிச்சிட்டு வருவாங்க. 17சி காப்பிய மடிச்சு சட்டப்பையில வச்சிட்டு போறவங்களையும் பாத்துருக்கேன், அந்த சட்ட துவைக்க போயிருக்கும். வீடியோவ நூறு பேருக்கு அனுப்புறதுக்கு பதிலா உங்க கட்சிக்காரங்க கிட்ட இந்த ரெண்டு விஷயத்த கேளுங்க சார், காலைல அஞ்சரைக்கு ஆள் இருந்தாங்களா, சாயந்தரம் அந்த காப்பி பத்திரமா இருக்கா.

எனக்கும் ஒரு கொற இருக்கு, மறைக்க மாட்டேன். ஓட்டு போட்டதும் விவிபேட்ல கண்ணாடிக்குள்ள 7 செகண்ட் சீட்டு தெரியுதே, அத ஒரு சட்டமன்ற தொகுதிக்கு அஞ்சு பூத்துல மட்டும்தான் எண்ணி சரிபாக்குறாங்க. எல்லாத்தயும் எண்ணணும்னு போட்ட கேஸ 2024 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டு ஒத்துக்கல. கோர்ட்டு சொன்னது சட்டம், சரி. ஆனா அஞ்ச பத்தாக்குனா ஒண்ணும் கொறஞ்சிடாது, ஒரு ராத்திரி கூட உக்காந்து எண்ணுறதுக்கு எங்கள மாதிரி வாத்தியாருங்க ரெடியாதான் இருப்பாங்க.

டீச்சர், எனக்கு இதான் முதல் ஓட்டு. சர்கார் படத்துல காட்டுனாங்களே 49பி, அது நெஜமாவே இருக்கா? என் ஓட்ட வேற யாராவது போட்டுட்டா நானும் அத கேக்கலாமா?
(நெல்லிக்குப்பம், காலேஜ் மாணவி)

இருக்கு கண்ணு. 2018ல அந்த படம் வந்தப்புறம் எங்க எலெக்ஷன் ட்ரெய்னிங்லயே ஆபீசருங்க படத்த சொல்லித்தான் விளக்குனாங்க, முன்னெல்லாம் அந்த பக்கம் வந்தா கேட்டுட்டே தூங்கிடுவோம். தேர்தல் நடத்தை விதிகள் 1961ல 49பி (இங்கிலீஷ்ல P)ங்கறது டெண்டர் ஓட்டு. நீ போய் நிக்கும்போது உன் பேருக்கு நேரா ஏற்கனவே டிக் அடிச்சிருந்தா, அழுதுட்டு வீட்டுக்கு வரக்கூடாது. நீதான் அந்த ஆளுன்னு பூத்து தலைமை அலுவலருக்கு கார்டு காட்டி, அவங்க கேக்குறதுக்கு பதில் சொன்னா, உனக்கு பழைய மாதிரி பேப்பர் ஓட்டு குடுப்பாங்க, ஸ்டாம்ப்பு குத்தி குடுக்கணும், அத தனி கவர்ல போட்டு 17பி (இது B) ஃபார்ம்ல உன் கையெழுத்து வாங்கி வைப்பாங்க. மெஷின்ல அமுக்க விட மாட்டாங்க, அதுக்காக சண்டை போடாத.

படத்துல அழுத்தமா வராத ஒண்ண சொல்லணும். அந்த கவர எண்ணிக்கை அன்னிக்கு பிரிக்க மாட்டாங்க. கேஸ் போட்டு கோர்ட்டு சொன்னாத்தான் பிரிப்பாங்க. அப்ப எதுக்கு போடணும்னு உனக்கு தோணும். 2008ல ராஜஸ்தான்ல நாத்துவாரா தொகுதில ஒரே ஒரு ஓட்டுல சி.பி.ஜோஷி தோத்தார், அந்த கேஸ்ல டெண்டர் ஓட்டு விவகாரம்தான் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போச்சு. நீ போட்டு வச்சாத்தான் பின்னாடி அது சாட்சியா நிக்கும்.

இன்னொண்ணும் தெரிஞ்சிக்கோ. க்யூல நிக்குறவன் கள்ள ஓட்டு போட வந்துருக்கான்னு ஒரு ஏஜென்ட்டுக்கு சந்தேகம் வந்தா ரெண்டு ரூபா கட்டி அங்கயே சேலஞ்ச் பண்ணலாம், இன்னிக்கும் ரெண்டு ரூபாதான். என் சர்வீஸ்ல ஒரே ஒரு தடவதான் ஒருத்தர் கட்டுனார், வந்தவன் அப்பா பேர தப்பா சொல்லி மாட்டிக்கிட்டான். அந்த ரெண்டு ரூபாய திருப்பி குடுத்து ரசீதுல கையெழுத்து வாங்குனப்ப எனக்கு கை நடுங்குச்சு, அவ்ளோ சந்தோஷம்.

சாயந்தரம் ஆறு மணிக்கு கதவ சாத்திடுவாங்கன்னு பயப்படாத, அந்த நேரத்துக்கு வரிசைல இருக்குறவங்களுக்கு கடைசி ஆள்லேருந்து ஆரம்பிச்சு முன்னாடி வரைக்கும் சீட்டு குடுத்துடுவோம், எல்லாரும் போட்டுட்டுதான் போவாங்க.

பிக்பாஸ் பாக்குறீங்களா டீச்சர்?
(முதலியார்பேட்டை)

கமல் சார் 2017ல ஆரம்பிச்சப்ப முதல் சீசன் முழுசா பாத்தேன். அப்புறம் பாக்கல. ஒரு வீட்டுக்குள்ள மனுசங்கள அடச்சு வச்சு சண்டை போட விட்டு பாக்குறது எனக்கு மனசுக்கு ஒத்து வரல, பொண்ணுங்கள பத்தி கமெண்ட்ல எழுதுறத படிச்சா ராத்திரி தூக்கம் வரல, நிறுத்திட்டேன்.

வீடு தேவனாம்பட்டினத்துல, கடலுக்கு பக்கம். ரெண்டு வருசத்துக்கு ஒரு டிவி போயிடுது, செல்போன் சார்ஜ் ஏறுற ஓட்டைல பச்சையா பூக்குது, ஏசி வாங்குன மூணாவது வருசமே காயில் ஓட்டை. எந்த கம்பெனி வாங்குனா தாங்கும்? பாண்டில வாங்குனா விலை கம்மியா?
(வாசகி)

அம்மா, கம்பெனி பேர கேக்காதீங்க, உங்க எதிரி உப்புக்காத்து. நானும் சில்வர் பீச் பக்கம் பதினோரு வருசம் குடியிருந்தவ, இரும்பு பீரோ கால் கையால நிமிண்டுனாலே உதிரும். உப்பு தூள் காத்துல வந்து எல்லா பொருள் மேலயும் படியுது, உப்புக்கு ஈரத்த இழுக்குற குணம், படிஞ்ச எடத்துல எப்பவும் ஒரு ஈரம் நிக்கும், அதுல கரண்ட்டும் போனா செம்பு சீக்கிரமா அரிக்கும். நீங்க பாக்குற பச்ச அதான். கோயில்ல பழைய செப்பு குடத்துல பாத்துருப்பீங்களே, அதே பச்ச.

செல்போனுக்கு நான் சொல்றது, ராத்திரி சன்னல் ஓரமா வச்சு சார்ஜ் போடாதீங்க. பீச்சுக்கு போயிட்டு வந்த கையோட போட்டுடாதீங்க, காஞ்ச துணில தொடச்சு, ஒரு மணி நேரம் ஆறவிட்டு போடுங்க. ஈரத்தோட கரண்ட் ஏத்துனாத்தான் அரிக்குது. ஓட்டைய சேஃப்டி பின்ன வச்சு நோண்டாதீங்க, உள்ள இருக்குற பல்லு வளஞ்சிடும், பல்லு குச்சி போதும், போன ஆஃப் பண்ணிட்டு. பச்ச கெட்டியா இருந்தா சர்வீஸ் கடையில ஆல்கஹால் போட்டு க்ளீன் பண்ணுவாங்க. தண்ணில விழுந்த போன அரிசில பொதச்சு வைக்குற பழக்கத்தையும் விடுங்க, அரிசி தூளு உள்ள போய் இன்னும் கெடுக்கும், ஆப்பிள் கம்பெனியே 2024ல அப்படி பண்ணாதீங்கன்னு சொல்லிட்டாங்க. புது செருப்பு, புது பேக் வாங்குனா ஒரு சின்ன வெள்ளப் பொட்டலம் வருமில்ல, அத தூக்கி போடாம ஒரு டப்பால சேத்து வைங்க, அந்த டப்பாக்குள்ள போன வச்சா ஈரத்த அது இழுத்துக்கும்.

ஏசிக்கு வெளி யூனிட்ட கடல் பாத்த செவுத்துல மாட்ட விடாதீங்க, மெக்கானிக் அவருக்கு ஈசியான எடத்துலதான் மாட்டுவார், நீங்க கூட நின்னு வேற செவுத்த காட்டுங்க. காயிலுக்கு மேல பூச்சு இருக்குறதா பாத்து வாங்கி, மாசம் ஒரு தடவ நல்ல தண்ணில அலசி விடுங்க. போர் தண்ணி உப்பா இருந்தா அது வேணாம். டிவிய பால்கனி கதவுக்கு நேரா வைக்காதீங்க. இவ்ளோதான், இதுக்கு காசு செலவில்ல. நான் இந்த வேலையெல்லாம் கத்துக்கறதுக்குள்ள ரெண்டு டிவி, ஒரு மிக்ஸி, எங்கூட்டுக்காரர் ஆசையா வச்சிருந்த டேப் ரெக்கார்டர் எல்லாம் போயிடுச்சு. டேப் ரெக்கார்டர் போனதுதான் இன்னிக்கும் வலிக்குது, ரெக்கார்டிங் சென்டர்ல பாட்டு லிஸ்ட்டு எழுதி குடுத்து 90 நிமிச கேசட்ல ஏத்தி வாங்குனது, ஒரு பாட்டு முடிஞ்சா அடுத்தது என்ன வரும்னு எங்க காதுக்கு தெரியும், இப்ப அதே பாட்ட எங்க கேட்டாலும் அடுத்து கேசட்ல வந்த பாட்டத்தான் மனசு எதிர்பாக்குது.

பாண்டி விலைக்கு வரேன். அதெல்லாம் ஒரு காலம்மா. அங்க வரி கம்மி, டிவி ஃப்ரிட்ஜு வாங்க முள்ளோடை தாண்டி போயிட்டு வருவோம். 2017 ஜூலை 1ல ஜிஎஸ்டி வந்தப்புறம் ரெண்டு பக்கமும் வரி ஒண்ணுதான், செல்போனுக்கு 18 பர்சென்ட். பெரிய டிவிக்கும் ஏசிக்கும் 28 இருந்தது 2025 செப்டம்பர் 22லேருந்து 18 ஆயிடுச்சு, அதுவும் ரெண்டு ஊருக்கும் பொது. ஜிஎஸ்டிக்கு வெளிய நிக்குற பெட்ரோல் மாதிரி சிலதுலதான் வித்தியாசம். அதனால சர்வீசுக்கு ஆள் வர்ற கடையா பாத்து கடலூர்லயே வாங்குங்க.

சினிமாக்காரங்களுக்கு ஏன் இவ்ளோ கூட்டம்? கூட்டம் ஓட்டாகுமா ஆகாதா, உங்க கணிப்பு என்ன?
(அரியாங்குப்பம்)

கணிப்பு சொல்ற ஆள் நான் இல்ல தம்பி, உங்க ஊர் கதைய உங்களுக்கே ஞாபகப்படுத்துறேன். எம்.ஜி.ஆர். 1972 அக்டோபர்ல கட்சி ஆரம்பிச்சார், 1973 மே மாசம் திண்டுக்கல் இடைத்தேர்தல்ல ஜெயிச்சாங்க, இது எல்லாருக்கும் தெரியும். அந்த கட்சி முதல் முதல்ல ஆட்சில உக்காந்தது தமிழ்நாட்டுல இல்ல, பாண்டில. 1974 மார்ச்ல எஸ்.ராமசாமி முதலமைச்சர் ஆனார். ஒரு மாசம் கூட நிக்கல, அதே மார்ச்சுக்குள்ள கவுந்துடுச்சு. கோட்டைய புடிக்க 1977 வரைக்கும் காத்திருந்தாங்க. எங்க அப்பா அப்ப கடலூர் ஓல்டு டவுன்ல துறைமுகத்துல கணக்கு எழுதிட்டு இருந்தார், அவர் சொல்லுவார், பாண்டி சின்ன ஊரு, மன்றம் இல்லாத தெருவே இல்ல, படம் ரிலீசுக்கு தோரணம் கட்டுன அதே பசங்க வீடு வீடா ஓட்டு கேக்க போனாங்க, அதான் வேல செஞ்சுதுன்னு.

நான் பாத்த வரைக்கும் எங்கப்பா சொன்னது சரிதான். நடிகரா இருந்து இந்தியாவுலயே முதல் முதல்ல எம்.எல்.ஏ. ஆனவர் எஸ்.எஸ்.ராஜேந்திரன், 1962ல தேனில, அப்ப அவருக்கு பின்னாடி ஒரு கட்சியே நின்னுச்சு. சிவாஜி சாருக்கு இல்லாத ரசிகரா, 1988ல சொந்தமா கட்சி ஆரம்பிச்சு 1989ல திருவையாறுல நின்னு தோத்தார், எனக்கு அன்னிக்கு சாப்பாடு எறங்கல, அவர் நடிப்ப பாத்துதான் நான் தமிழ் உச்சரிப்பே கத்துக்கிட்டேன். விஜயகாந்த் சார் 2005ல கட்சி ஆரம்பிச்சு 2006ல ஏறக்குறைய எல்லா தொகுதிலயும் ஆள் நிறுத்துனார், ஜெயிச்சது அவர் ஒருத்தர், அதுவும் எங்க மாவட்டம் விருத்தாசலத்துல. 2024 அக்டோபர் 27 விக்கிரவாண்டில விஜய் மாநாடு நடந்தப்ப எங்க தெரு பசங்க டெம்போ புடிச்சு போனாங்க, வெயில்ல கருகி திரும்பி வந்தாங்க, முகத்துல அவ்ளோ சந்தோஷம். நான் அவங்கள கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், உங்க பூத்து நம்பர் தெரியுமாடான்னு. ஒருத்தனுக்கு தெரிஞ்சிருந்துச்சு. அந்த ஒருத்தன் மாதிரி பசங்க பூத்துக்கு ரெண்டு பேர் இருந்தாங்கன்னா அது ஓட்டாகும், இல்லன்னா கூட்டமாவே இருந்துடும்.

செத்துப்போன தலைவருங்க பேசுற மாதிரி ஏஐ வீடியோ வருது. எங்கம்மா அத பாத்து அழுவுறாங்க. இது தப்பில்லையா?
(பாகூர்)

இது எனக்குள்ளயும் ரெண்டா பிரியுற விஷயம். 2024 ஜனவரில கலைஞர ஏஐல கொண்டு வந்து ஒரு விழா மேடைல ஸ்க்ரீன்ல பேச வச்சாங்க. அதே வருசம் பவதாரிணி எறந்து போனாங்க, கோட் படத்துல அவங்க கொரல ஏஐல செஞ்சு ஒரு பாட்டு வந்துச்சு. லால் சலாம் படத்துல பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ரெண்டு பேர் கொரலையும் ரஹ்மான் சார் அப்படித்தான் பயன்படுத்துனார், குடும்பத்துக்கிட்ட அனுமதி வாங்கி பணமும் குடுத்ததா அவரே சொன்னார். பவதாரிணி பாட்டு முதல் தடவ கேட்டப்ப நான் அடுப்ப அணச்சிட்டு அப்படியே நின்னுட்டேன், அந்த கொரல் இனிமே வராதுன்னு நெனச்சிருந்தோம்ல. அந்த பாட்டுக்கு நான் எதிரி ஆக முடியாது. சொந்த குடும்பம், அவங்க தம்பி யுவன் இசை, பாட்டுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க.

ஓட்டு கேக்குறது வேற. செத்தவங்க வாயில நாம நெனச்சத போட்டு இன்னாருக்கு ஓட்டு போடுன்னு சொல்ல வச்சா, அவங்க வந்து நான் அப்படி சொல்லலன்னு மறுக்க முடியாதே. எனக்கு அது ஒத்துக்கவே முடியல, எந்த கட்சி செஞ்சாலும். உங்கம்மா அழுவுறாங்கன்னா அவங்கள கிண்டல் பண்ணாதீங்க, பக்கத்துல உக்காந்து, இது இப்ப செஞ்சதும்மா, அவர் நெஜமா பேசுனது வேணும்னா நான் போட்டு காட்டுறேன்னு ஒரு பழைய கூட்டத்து பேச்ச போட்டு காட்டுங்க. எங்க மாமியாருக்கு நான் அப்படித்தான் செஞ்சேன். மூச்சு வாங்குற எடம், தொண்டைய கனைக்குறது, கூட்டம் கத்தும்போது நிறுத்தி காத்திருக்குறது எல்லாம் கேட்டுட்டு, ரெண்டையும் அவங்களே பிரிச்சு சொன்னாங்க.

கடலூர் பஸ் ஸ்டாண்ட்ல பஸ் ஏறும்போது போன அடிச்சிட்டாங்க. கம்ப்ளெயின்ட்டு குடுத்தா கிடைக்குமா?
(கடலூர் முதுநகர்)

முதல்ல சிம்ம ப்ளாக் பண்ணுங்க, அடுத்து பேங்குக்கு போன் போட்டு யுபிஐய நிறுத்துங்க, பணம் போயிருந்தா உடனே சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு கூப்புடுங்க, நாளைக்கு பாக்கலாம்னு விட்டா காசு கை மாறிடும். அப்புறம் ஸ்டேஷன்ல புகார் குடுத்து ரசீது வாங்கி, சஞ்சார் சாத்திங்கற அரசாங்க தளத்துல ஐஎம்இஐங்கற போனோட அடையாள நம்பர போட்டு போனையே ப்ளாக் பண்ணலாம். வேற சிம் போட்டாலும் அது வேல செய்யாது, யாராவது போட்டு பாத்தா போலீசுக்கு தகவல் போகும், அப்படி திரும்ப கிடைச்சவங்க நெறைய பேர். ஐஎம்இஐ போன் வாங்குன டப்பால 15 நம்பரா இருக்கும். இத படிக்குற எல்லாரும் இப்பவே *#06# போட்டு பாத்து அந்த நம்பர ஒரு நோட்டுல எழுதி வச்சிடுங்க. போன்லயே சேவ் பண்ணாதீங்க.

இலவசம் குடுத்தே நாட்ட கெடுத்துட்டாங்கன்னு நான் சொல்றேன், என் தம்பி சண்டைக்கு வரான். தீர்ப்பு நீங்க சொல்லுங்க.
(பண்ருட்டி)

தம்பி பக்கம் கொஞ்சம் சாயுறேன், கோச்சுக்காதீங்க. தேர்தல் அறிக்கைல இலவசம் அறிவிக்குறது லஞ்சம்னு போட்ட கேஸ்ல 2013 ஜூலைல சுப்ரீம் கோர்ட்டு, சட்டப்படி அது ஊழல் நடவடிக்கைல வராது, ஆனா தேர்தல் ஆணையம் இதுக்கு ஒரு நெறிமுறை வகுக்கணும்னு சொல்லிடுச்சு. அது சட்டம். என் கண்ணு பாத்தது வேற. 2006ல அறிவிச்ச கலர் டிவி 14 இஞ்ச்சு, அது வர்ற வரைக்கும் எங்க பக்கத்து தெரு புள்ளைங்க இன்னொருத்தர் வீட்டு வாசல்ல நின்னு சன்னல் வழியாத்தான் படம் பாக்கும்ங்க, வீட்டுக்காரங்க கதவ சாத்துனா போயிடும்ங்க. டிவி வந்த அன்னிக்கு அந்த அவமானம் முடிஞ்சுது. அத பணத்துல எப்படி கணக்கு போடுறது?

2011ல ஆரம்பிச்ச லேப்டாப்ப எங்க ஸ்கூல்ல நானே எடுத்து குடுத்துருக்கேன். வித்தவங்க உண்டு, அடகு வச்சவங்க உண்டு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒரு பையன், அப்பா முந்திரி தோப்புல கூலி, அந்த லேப்டாப்ல போட்டோ எடிட்டிங் தானா கத்துக்கிட்டு இப்ப சொந்தமா பேனர் டிசைன் கடை வச்சிருக்கான், எலெக்ஷன் வந்தா எல்லா கட்சிக்கும் அவன்தான் டிசைன் செய்றான். நான் கொற சொல்றது ஒரு எடத்துலதான். குடுத்தாங்க, பேட்டரி போனா எங்க மாத்துறது, ரிப்பேர்னா யார்கிட்ட போறதுன்னு யோசிக்கல. பேட்டரி செத்து பரண்ல கிடந்தது எத்தன! ஒரு மாவட்டத்துக்கு நாலு சர்வீஸ் எடம் வச்சிருந்தா அந்த பணம் ரெட்டிப்பா பலன் குடுத்துருக்கும். ஓட்டு கேக்க வர்றவங்க கிட்ட என்ன குடுப்பீங்கன்னு கேக்குறதோட, கெட்டுப்போனா யாரு பாப்பீங்கன்னும் கேளுங்க.

பொண்ணு கல்யாணம் ஆகி கடலூர்லேருந்து பாண்டி போயிட்டா. ஓட்ட மாத்தணுமா? மாத்தி என்ன ஆகப்போகுது, ஒரு ஓட்டுதானே?
(திருப்பாதிரிப்புலியூர், ஒரு அம்மா)

மாத்தணும்மா. வீடு மாறுனா ஃபார்ம் 8, அது மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் அதேதான், புதுசா சேர்றவங்களுக்குத்தான் 6. ரெண்டு எடத்துலயும் பேர் வச்சிருக்குறது சட்டப்படி குத்தம். மருமகன் வீட்டு அட்ரஸ்ல கேஸ் பில்லோ ஆதாரோ இருந்தா போதும், ஆன்லைன்லயே போடலாம்.

ஒரு ஓட்டுதானேன்னு சொல்றீங்களே, அதுக்கு வரேன். 2016ல நம்ம மாவட்டத்துல காட்டுமன்னார்கோயில்ல திருமாவளவன் தோத்தது 87 ஓட்டுல. எண்பத்தேழு பேர்னா ஒரு கல்யாண வீட்டுல ரெண்டு பந்தி கூட இல்ல. உங்க பொண்ணு போயிருக்குற பாண்டில ஓட்டுக்கு மதிப்பு இன்னும் ஜாஸ்தி. நம்ம பக்கம் ஒரு சட்டமன்ற தொகுதில ரெண்டு லட்சத்துக்கு மேல ஓட்டு இருக்கும், அங்க சராசரியா முப்பதாயிரம் சொச்சம்தான். 30 தொகுதி, அதுல 23 பாண்டில, 5 காரைக்கால்ல, மலையாளம் பேசுற மாஹேக்கு ஒண்ணு, தெலுங்கு பேசுற ஏனாமுக்கு ஒண்ணு. தெருவுல பத்து குடும்பம் சேந்து ஒரு விஷயத்த கேட்டா வேட்பாளர் காது குடுத்துதான் ஆகணும்.

உங்க பொண்ணுக்கு கீழூர் தெரியுமான்னு கேளுங்க. 1954 அக்டோபர் 18, ஃப்ரெஞ்சுக்காரங்க கிட்ட இருந்த பாண்டி, காரைக்கால், மாஹே, ஏனாம் இந்தியாவோட சேரணுமா வேணாமான்னு அங்கதான் ஓட்டு நடந்துச்சு. ஓட்டு போட்டது ஊர் பூரா இல்ல, மக்கள் பிரதிநிதிங்க 178 பேர் மட்டும். சேரணும்னு 170, வேணாம்னு 8. நவம்பர் 1ல நிர்வாகம் கை மாறிடுச்சு, சட்டப்படி முழுசா முடிஞ்சது 1962 ஆகஸ்ட் 16ல, அதனாலதான் வருசா வருசம் அந்த தேதில கீழூர்ல கொடி ஏத்துறாங்க. நான் ஸ்கூல் புள்ளைங்கள அங்க கூட்டிட்டு போனப்ப ஒரு குட்டி கேட்டுச்சு, அந்த எட்டு பேர என்ன பண்ணாங்க டீச்சர்னு. ஒண்ணும் பண்ணல கண்ணு, எண்ணி, எட்டுன்னு எழுதி வச்சாங்கன்னு சொன்னேன். அது ரொம்ப நேரம் யோசிச்சிட்டே வந்துச்சு பஸ்ல.

வில்லியனூர் தாண்டி போகணும், பாண்டிலேருந்து ரொம்ப தூரம் இல்ல. பொண்ணு வீட்டுக்கு போறப்ப மருமகனையும் கூட்டிக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை காலைல போயிட்டு வாங்க, வெயிலுக்கு முன்னாடி கெளம்புங்க.